உள்ளத்திற்கும் மருந்து கண்ட அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ

உடலில் நோய் கண்டால் மருத்துவரை நாடும் நாம், உள்ளத்தில் நோய் கண்டால் அயலார் அறியாவண்ணம் மறைக்கின்றோம். ஈமானின் குறைவென்று பழிப்பாரும் நம்மிடையே உளர். உள்ளத்து நோயும் நோயே என்று ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தெளிவாக எழுதிவைத்த பேரறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ ஆவார்.

இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் உள்ள பல்கு நகரையடுத்த சிற்றூர் ஒன்றில், கி.பி. 850ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தந்தையார் சிறுவர்க்குப் பாடம் சொன்ன ஆசிரியர். கல்வி வேட்கையால் ஈராக் சென்ற அவர், மெய்யியல், மருத்துவம், வானியல் முதலியன கற்றுத் தாயகம் மீண்டார். புவியியலில் அவர் வழிவந்தோரைப் பல்கீ மரபினர் என்றே வரலாறு குறிக்கின்றது.

அவர் இயற்றிய மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ் என்னும் அரபு நூலின் முற்பகுதி உடல்நலம் பற்றியது. எட்டு இயல்கள் கொண்ட பிற்பகுதி உளநலம் பற்றியது. உடலும் உள்ளமும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று நலிந்தால் மற்றதும் நலியும் என்பது அவர் கொள்கை. உடற்பிணி சிலரை எப்போதோ ஒருமுறை தீண்டும். உள்ளத்தின் நோவோ எவரையும் விட்டுவைப்பதில்லை என்றும் அவர் கண்டார்.

சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாது அலைக்கழிக்கும் எண்ணம் என உள்ளத்து நோய்களை அவர் நான்காக வகுத்தார். துயரத்தையும் இரண்டாகப் பிரித்தார். உற்றாரையோ பொருளையோ இழந்ததால் வருவது ஒன்று. காரணம் புலப்படாமலே நெஞ்சை அழுத்துவது மற்றொன்று. பின்னது உடலின் மாறுபாட்டால் விளைவதென்றும், அதற்கு உடல் மருத்துவமும் வேண்டுமென்றும் அவர் கூறினார்.

அவர் காட்டிய உளமருத்துவம் இருவகையானது. பிறர் கூறும் இதமான அறிவுரை புறமருந்து. ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் நல்லெண்ணம் அகமருந்து. நோய் வருமுன் மருந்துகளைச் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாய் இருக்கும் காலத்திலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் முறை. வஸ்வாஸால் வருந்துவோர் தனிமையைத் தவிர்த்தல் வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

கி.பி. 934இல் அப்பெருமகனார் மறைந்தார். இஸ்தான்புல் நூலகத்தில் காக்கப்பெற்ற அவர்தம் நூலின் கையெழுத்துப்படி, 1984இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் நகற்பதிப்பாக வெளிவந்து உலகின் கவனத்தைப் பெற்றது.

நம் வகுப்பறையில் ஒரு மாணவர் பேச்சிழந்து அமர்ந்திருக்கின்றார். நம் இல்லத்தில் ஒருவர் உணவும் உறக்கமும் குன்றி வாடுகின்றார். என்ன குறை உனக்கு என்று கடிந்து கேட்கின்றோம். காரணம் தெரியாத துயரமும் உண்டு என்பதை அல்-பல்கீ அன்றே உணர்த்தியுள்ளார். கடிந்துரையை விடுத்து அருகமர்ந்து செவிசாய்ப்போம். தேவையெனில் மருத்துவரிடம் நாமே அழைத்துச் செல்வோம். அவ்வறிஞருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.