சாள்ஸ் குட்இயர் (1800–1860)

மாணவர்களே! லுணுகலை மழையில் நீங்கள் அணியும் இறப்பர் செருப்பின் வரலாற்றை அறிவீர்களா? அன்றைய இறப்பர் வெயிலில் பிசுபிசுத்தது. குளிரில் விறைத்து வெடித்தது. இக்குறையைத் தீர்க்க முனைந்தவரே அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர். கடனுக்காகச் சிறை சென்றும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. 1839 இல், கந்தகம் கலந்த இறப்பர் சூடான அடுப்பில் பட்டு உறுதியடைவதைக் கண்டார். 1844 இல் காப்புரிமை பெற்றார். இதுவே வல்கனைசுப்படுத்தல் ஆகும்.

கந்தகம் பல்பகுதியச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்துகின்றது. இதனுடன் சோடியம் இருகாபனேற்றையும் சேர்த்து வெப்பமேற்றினால் காபனீரொட்சைட்டு வெளியேறி நுண்டுளைகளை உண்டாக்கும். குறுக்குப் பிணைப்புகள் அத்துளைகளைச் சுருங்கவிடாது பேணும். இவ்வாறே ஸ்பொஞ்சு இறப்பர் பெறப்படுகின்றது.

உலகுக்குப் பயன் தந்த குட்இயர் பெருங்கடனுடனேயே மறைந்தார். 1898 இல் தொடங்கப்பட்ட டயர் நிறுவனம் அவரது பெயரை மட்டுமே தாங்கியது.

நினைவிற் கொள்க: கந்தகம் – குறுக்குப் பிணைப்பு, சோடியம் இருகாபனேற்று – நுண்டுளை.