உருக்குப் பாலம் கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸ்

அமெரிக்காவில் ஸெயிண்ட் லூயி நகரத்தண்டை, மிஸிஸிப்பி நதியின் குறுக்கே மூன்று பெரிய வளைவுகளுடன் ஒரு பாலம் நிற்கிறது. 1874-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேல்தட்டில் இன்றும் மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. கீழ்த்தட்டில் நகர ரயில் செல்கிறது. ஒரு பெரிய பாலத்தின் பாரத்தை உருக்கின் மேல் சுமத்தியது அதுவே முதல் தடவை. அதைக் கட்டியவரோ அதற்கு முன் ஒரு பாலமும் கட்டியவரல்லர். எந்தக் கலாசாலையிலும் எஞ்சினீயரிங் கற்றவருமல்லர்.

ஜேம்ஸ் ஈட்ஸ் 1820-ம் வருஷம் இண்டியானா மாகாணத்தில் பிறந்தார். 13-வது வயதில் தாயாருடன் ஸெயிண்ட் லூயிக்கு வந்து சேரும் தருணத்தில், அவர்கள் ஏறிவந்த நீராவிப் படகு தீப்பற்றி, குடும்பத்தின் உடைமை யாவும் சாம்பலாயிற்று. சிறுவன் தெருவில் ஆப்பிள் பழம் விற்றான். பின்னர் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்கு அமர்ந்தான். கடை முதலாளி தம் வீட்டுப் புத்தகசாலையைப் பையனுக்குத் திறந்துவிட்டார். ஈட்ஸுக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவே. பட்டம் பெறாதவன் வாய் திறக்கலாகாது என்று எண்ணும் நம்மவர் சிலர் இதைக் கவனிக்கலாம்.

நதியில் மூழ்கிய கப்பல்களிலிருந்து சரக்குகளை மீட்கும் தொழிலில் 22-வது வயதில் இறங்கினார். ஒரு சாராயப் பீப்பாயைக் கவிழ்த்து, அதனுள் காற்றைச் செலுத்தச் செய்து, அதற்குள் இருந்துகொண்டு நீருக்கடியில் வேலை செய்தார். இவ்விதம் ஆற்றின் அடித்தளத்தில் பல வருஷங்கள் நடந்ததில் ஒன்றைக் கண்டறிந்தார். வெள்ள காலத்தில் ஓடுவது நீர் மட்டுமல்ல. அடியிலுள்ள மணலும் வெகு ஆழம் வரை கூடவே ஓடுகிறது. ஆகவே அங்கே பாலம் கட்டுவோர் பாறையைத் தொட்டே தீரவேண்டும். கரையிலிருந்து நதியைப் பார்த்த நிபுணர்களுக்கு இது விளங்கவில்லை.

உள்நாட்டு யுத்தத்தின்போது வடக்கத்திய சர்க்காருக்கு இரும்புக் கவசக் கப்பல்களை அதிவேகமாய்க் கட்டிக் கொடுத்து அவர் பெயர் பெற்றார். 1867-ல் பாலத்தின் பிரதம எஞ்சினீயரானார். அவர் வகுத்தது நடுவே 520 அடி, இருபுறமும் 502 அடி கொண்ட மூன்று வளைவுகள். போட்டிக் கம்பெனியொன்று கூட்டிய எஞ்சினீயர்கள் மகாநாடு, இத்தகைய அகலத்துக்கு முன்மாதிரியே இல்லையென்று கண்டித்தது. ஈட்ஸ் அசையவில்லை. வளைவுகளை உருக்குக் குழாய்களால் ஆக்கினார். பீப்பாய்ப் பலகைகளைப் போல் நீண்ட உருக்குப் பட்டைகளை வட்டமாய்ச் சேர்த்து, மேலே மெல்லிய உறையிட்டது ஒவ்வொரு குழாயும். எந்தப் பாகம் பழுதுபட்டாலும் மற்றவற்றுக்குப் பங்கமின்றி அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

அக்காலத்து உருக்கு ஒரு வார்ப்பைப் போல் மறு வார்ப்பு இராது. ஆகவே ஒரு சோதனை யந்திரத்தை நிறுவி, வந்த உருப்படிகளையெல்லாம் இழுத்தும் அழுத்தியும் பார்த்து, தேறாதவற்றைத் திருப்பியனுப்பினார். வேலையை ஒப்புக்கொண்டிருந்த கார்னெகியின் கம்பெனியாருக்கு இதனால் உண்டான எரிச்சல் கொஞ்சமல்ல.

ஆனால் சோதித்துப் பாராத ஒன்றை அவரும் நம்ப நேர்ந்தது. அது காற்று. தேக அசௌக்கியத்தினால் ஐரோப்பாவுக்குச் சென்றிருந்தபோது, தூண்களை இறக்கும் ஒரு முறையை அங்கே கண்டு வந்தார். அடிப்புறம் திறந்த பெரும் பெட்டியை ஆற்றில் இறக்கி, நீர் உட்புகாதபடி அழுத்தமான காற்றை அதில் அடைத்து, உள்ளே ஆட்கள் மணலைத் தோண்டத் தோண்ட, மேலே கட்டும் கற்களின் கனத்தால் பெட்டி கீழே செல்லும். கிழக்குத் தூண் 1870 பிப்ரவரி கடைசியில் சுமார் 94 அடி ஆழத்தில் பாறையைத் தொட்டது. உள்ளே காற்றின் அழுத்தம் சாதாரணமாய் உள்ளதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. வேலை முடிந்து மேலே வந்தவர்கள் மூட்டு வலியால் துடித்தார்கள். சிலருக்குக் கால்கள் மரத்தன. மார்ச்சு மாதத்தில் சாவு தொடங்கிற்று. ஈட்ஸின் வைத்தியரான டாக்டர் ஜாமினே தாமே உள்ளே இறங்கி, சில நிமிஷங்களில் வெளியேறி, பக்கவாதம் கண்டவர்போல் கிடந்து பிழைத்தார். அதன் பின் வேலை நேரம் ஒரு மணியாகவும் அதற்கும் குறைவாகவும் சுருங்கியது. கிழக்குக் கரைத் தூண் வெள்ள மட்டத்துக்குக் கீழே 136 அடி வரை சென்றும் அங்கே சாவு குறைந்தது. அழுத்தத்தில் ரத்தத்தோடு கலந்த நைட்ரஜன் வாயு, விரைந்து வெளியேறுகையில் குமிழிகளாவதே காரணம் என்பதைப் பால் பெர்ட் என்ற பிரெஞ்சு சாஸ்திரி 1878-ல்தான் விளக்கினார். பத்துப் பேருக்கு மேல் மாண்ட இச்செய்தியைப் பாலத்தின் புகழ் பாடுவோர் ஒரு வரியில் தள்ளிவிடுவதுண்டு. நாம் அவ்விதம் செய்ய விரும்பவில்லை. மாண்டவர்கள் கூலியாட்கள், ஆபத்து என்னவென்று அவர்களுக்குச் சொல்ல அன்று யாராலும் முடியவில்லை.

படகுப் போக்குவரத்தைத் தடுக்கலாகாதென்பதால் ஆற்றில் சாரம் கட்டவில்லை. தூண்களின் இருபுறமும் வளைவுகளை அந்தரத்தில் நீட்டி, மேலிருந்து கம்பிகளால் தாங்கிக்கொண்டே வந்தார்கள். 1873 செப்டம்பரில் முதல் வளைவின் இரு பாதிகளும் நெருங்கியபோது, வெயிலில் உருக்கு நீண்டுவிட்டதால் கடைசித் துண்டுக்கு இடம் போதவில்லை. குறித்த தேதிக்குள் வளைவு மூடாவிட்டால் லண்டனிலிருந்து வரவேண்டிய கடன் தொகை வராது. பனிக்கட்டியைச் சுற்றி வைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. இப்படி நேரலாமென்று எதிர்பார்த்து ஈட்ஸ் முன்னமே செய்து வைத்திருந்த, திருகினால் நீளம் மாறும் துண்டுகளே கைகொடுத்தன. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு வளைவு மூடிற்று.

அதே வருஷம் படகுக் கம்பெனிகளின் புகாரின் பேரில், பாலத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்ட வேண்டுமென்று ராணுவ எஞ்சினீயர்கள் சிபார்சு செய்தனர். ஈட்ஸ் ஜனாதிபதி கிராண்டிடம் முறையிட்டார். காங்கிரஸ் சட்டப்படி அனுமதித்த பாலத்தில் இலாகா கைவைக்க இடமில்லையென்று கண்ட கிராண்ட் அத்தொல்லையை நிறுத்தினார். எனினும் ரயில் கம்பெனிகள் பாலத்தை உபயோகிக்க முன்வராமையால் பாலக் கம்பெனி பாலம் திறந்த மறு வருஷமே திவாலாயிற்று.

ஈட்ஸ் அதற்குள் நதியின் முகத்துவாரத்துக்குப் போய்விட்டார். அங்கே அணைகளால் நீரோட்டத்தை ஒடுக்கி, நதியே தன் மணலை வாரிச் செல்லும்படி செய்து, 1879-ல் பெருங்கப்பல்களுக்கு வழி திறந்தார். ஆழம் கிடைத்தாலன்றிப் பணம் வேண்டாமென்பது அவர் செய்த ஒப்பந்தம். பின்னர், மெக்ஸிகோவின் குறுகிய நிலப்பகுதியில் கப்பல்களையே தண்டவாளத்தில் ஏற்றிக் கடத்தத் திட்டமிட்டார். அது கைகூடுமுன், 1887-ம் வருஷம் மார்ச்சு 8-ந் தேதி, பஹாமாத் தீவுகளில் நாஸௌ என்னுமிடத்தில் காலமானார்.