போர்ட் மது அரசி அன்டோனியா

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாளைவிட மணல் தெரியும் நாளே அதிகம். அந்த மண்ணிலும் பனை நிற்கிறது. பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால், இறங்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துப் பொங்கிக் கள்ளாகிவிடும். புளிப்பைத் தடுத்து, இனிப்பைக் காப்பாற்றுவது அந்தச் சுண்ணாம்புதான்.

இதே போன்ற தந்திரத்தைக் கடல் கடந்த இன்னொரு வறண்ட நாட்டில் திராட்சைச் சாற்றில் செய்தார்கள். அங்கே புளிப்பைத் தடுத்தது சுண்ணாம்பு அல்ல, பிராந்தி! அப்படிப் பிறந்ததுதான் "போர்ட்" என்னும் மது. அந்த மதுவினால் நாடறிந்த செல்வச் சீமாட்டியானவர் ஒரு விதவை. அவர் பெயர் அன்டோனியா பெரெய்ரா.

கல்லை உடைத்துத் தோட்டம்

போர்ச்சுகல் நாட்டின் வடக்கே டூரோ என்று ஒரு ஆறு ஓடுகிறது. இரு கரையிலும் செங்குத்தான மலைகள். மண் குறைவு, பலகை பலகையாகப் பிளக்கும் பாறையே அதிகம். கோடையில் நெருப்பாய்க் கொதிக்கும். அந்தப் பாறையை உடைத்து, படிக்கட்டுபோல் சுவர் எழுப்பி, இடையிலே திராட்சைக் கொடி நட்டார்கள். கொடியின் வேர் பாறை வெடிப்பில் நுழைந்து ஆழத்தில் ஈரத்தைத் தேடும்.

பறித்த பழத்தைக் கல் தொட்டியில் கொட்டுவார்கள். ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, வெறுங்காலால் மிதிப்பார்கள். சாறு இரண்டு மூன்று நாள் பொங்கும். சர்க்கரையில் பாதி போதைப் பொருளாக மாறியதும் பிராந்தியை ஊற்றிவிடுவார்கள். பொங்குவது நின்றுவிடும். மீதிச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இனிப்பும் உண்டு, வேகமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் கெடாது.

அந்நாளில் பீப்பாய்களைப் படகில் ஏற்றி, போர்ட்டோ நகரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள கிடங்குகளில் இறக்குவார்கள். அங்கே பல ஆண்டுகள் கிடந்த பிறகு கப்பலேறி இங்கிலாந்து போகும். போர்ட்டோவிலிருந்து வந்ததால் போர்ட் என்று பெயர்.

ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி இதற்குப் பங்காளி முறை. அங்கே சாறு முழுவதும் புளித்து முடிந்த பிறகே பிராந்தி சேர்ப்பார்கள். ஆகவே பெரும்பாலான ஷெர்ரியில் இனிப்பு இருக்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்குகிறவர் ஏமாந்து போவார். போர்ட்டிலும் பல ரகம் உண்டு. சில ஆண்டு மட்டும் வைத்திருந்த சிவப்பு ரகம் "ரூபி". அதில் பழச் சுவை தூக்கலாக இருக்கும். மரப் பீப்பாயில் நெடுங்காலம் கிடந்து பழுப்பேறியது "டானி". அதிலே கொட்டைப் பருப்பின் மணம் வரும். மிக நல்ல விளைச்சல் கண்ட ஒரே ஆண்டின் சாற்றைப் புட்டியில் அடைத்துப் பல ஆண்டு காப்பது "விண்டேஜ்". எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பின் சின்னஞ்சிறு கிண்ணத்தில் உறிஞ்சுவதே வழக்கம். நூற்றுக்கு 20 பங்கு போதை உள்ள சரக்கு அது. மடமடவென்று குடித்தால் தலை சுற்றும்!

33 வயதில் விதவை

அன்டோனியா 1811-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி ரெகுவா என்ற ஊர்ப் பக்கம் பிறந்தார். திராட்சைத் தோட்டக் குடும்பம். 1834-ல் உறவினர் ஒருவருக்கே மணம் செய்து வைத்தார்கள். கணவர் செலவாளி. பாரிஸ் நகரத்து ஆடம்பரத்தில் அவருக்கு மோகம். அங்கேயே 1844-ல் இறந்து போனார்.

அன்டோனியாவுக்கு அப்போது வயது 33-தான். கையில் ஒரு மகன், ஒரு மகள். பணக்கார வீட்டுப் பெண்கள் கணக்குப் புத்தகத்தைத் தொடாத காலம் அது. அவரோ தொட்டார். தோட்டங்களுக்கு நேரில் போனார். புதுக் கொடிகள் நடச் செய்தார். கிடங்குகளைப் பெருக்கினார்.

செல்வம் வந்தால் கண்ணும் படும் அல்லவா? சல்டான்யா பிரபு என்பவர் படைத் தளபதி. நாட்டின் தலைமை அமைச்சரும் அவரே. அன்டோனியாவின் மகளைத் தன் மகனுக்குக் கேட்டார். மகளோ சிறுமி. அம்மையார் மறுத்தார். பெண்ணைத் தூக்கி வரப் பிரபு ஆட்களை அனுப்பியதாகச் சொல்வார்கள். தாயும் மகளும் குடியானவர் வேடத்தில் தப்பி, ஸ்பெயின் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். இது நடந்தது 1854-ல். அங்கேயே தம் தோட்டங்களின் நிர்வாகியான டோர்ரஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். ஊர் திரும்பியதும் பழையபடி வேலையில் இறங்கினார்.

ஆற்றில் விபத்து

1861-ம் ஆண்டு மே 12. அம்மையாரும் கணவரும் நண்பர்களோடு டூரோ ஆற்றில் படகில் வந்தார்கள். பாரெஸ்டர் பிரபு என்ற ஆங்கிலேய வியாபாரியும் உடன் இருந்தார். டூரோ ஆற்றுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் அவர். மதுவில் பிராந்தி ஊற்றக் கூடாது என்று வாதாடியவரும் அவரே! பாறை இடுக்கில் ஆறு சீறிப் பாயும் இடத்தில் படகு கவிழ்ந்தது. பாரெஸ்டர் மூழ்கினார். உடல் கிடைக்கவே இல்லை. அம்மையார் பிழைத்தார். அவருடைய அகன்ற பாவாடையில் காற்றுப் புகுந்து மிதக்க வைத்தது என்றும், பாரெஸ்டரை இடுப்பில் கட்டியிருந்த பொற்காசுகள் இழுத்துவிட்டன என்றும் அந்த ஊரார் இன்றும் கதை சொல்கிறார்கள்.

வாங்குவார் இல்லாத ஆண்டு

1868-ல் அமோக விளைச்சல். சரக்கு குவிந்தது, வாங்க ஆள் இல்லை. சின்ன விவசாயிகள் கலங்கினார்கள். பருத்தி விலை சரிந்த ஆண்டைப் பார்த்த கரிசல்காட்டு விவசாயிக்கு அந்தக் கலக்கம் புரியும். அம்மையார் அந்தச் சரக்கைப் பெருமளவில் வாங்கிக் கிடங்கில் அடுக்கினார். பல குடும்பங்கள் பிழைத்தன.

இதில் தர்மம் மட்டுமே இருந்தது என்று சொல்ல முடியாது. கெடாத சரக்கு; காத்திருக்க அவரிடம் பணமும் இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பிலாக்சரா என்ற பூச்சி வேரைத் தின்று டூரோ தோட்டங்களை அழித்தது. சரக்கு அரிதாயிற்று. கிடங்கில் இருந்ததற்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் அந்தப் பூச்சிக் காலத்தில் பலர் தோட்டத்தைக் கைவிட்டு ஊரை விட்டே போக, அம்மையார் போகவில்லை. அமெரிக்கக் கொடியின் வேரைப் பூச்சியால் அழிக்க முடியாது என்று தெரிந்தது. அந்த வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டும் முறை பரவித் தோட்டங்கள் மீண்டன. அம்மையார் ஆட்களுக்கு வேலை கொடுத்தார், ஆஸ்பத்திரிக்கும் உதவினார். ஜனங்கள் அவரைப் "பெரெய்ரின்யா" என்று செல்லமாக அழைத்தார்கள். சின்னப் பெரெய்ரா என்று அர்த்தம்.

1877-ல் அவருக்கு வயது 66. அந்த வயதில், ஆற்றின் மேற்பகுதியில், வறட்சி மிகுந்த வாலே மியாவோ என்ற இடத்தில் சுமார் 300 ஹெக்டேர் புதர்க்காட்டை விலைக்கு வாங்கினார். காட்டை வெட்டினார், கொடி நட்டார், வீடும் கிடங்கும் கட்டினார். 1880-ல் இரண்டாவது கணவரும் இறந்தார். அப்போதும் வேலை நிற்கவில்லை.

1896-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி ரெகுவாவில் அம்மையார் காலமானார். 20-க்கு மேற்பட்ட தோட்டங்களை விட்டுச் சென்றார். அவற்றில் பல இப்போது கை மாறிவிட்டன. வாலே மியாவோவில் அவர் வழிவந்தவர்களே இன்றும் திராட்சை அறுக்கிறார்கள்.