கடல் கடந்து திரும்பிய ராமானுஜன்

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் இங்கிலாந்து சென்ற கதையை நாம் அனைவரும் அறிவோம். அவர் திரும்பி வந்தபின் வாழ்ந்த பதின்மூன்று மாதங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1914 மார்ச்சில் கப்பலேறியவர், எஃப்.ஆர்.எஸ். கௌரவமும் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோஷிப்பும் பெற்று, 1919 மார்ச் 27 அன்று பம்பாயில் இறங்கினார். உடல் மிகவும் மெலிந்திருந்தது. அழைத்துவரத் தாயார் கோமளத்தம்மாள் போயிருந்தார். மனைவி ஜானகி அங்கு இல்லை. சென்னை வந்த பிறகே அவரைப் பார்க்க முடிந்தது. மாமியார்–மருமகள் பிணக்கு வேறு நோயாளியின் நிம்மதியைக் கெடுத்தது. கடல் கடந்ததற்கு ராமேஸ்வரத்தில் பிராயச்சித்தம் செய்வதாக இருந்தது. உடல்நிலை இடம் தரவில்லை. கொடுமுடி, கும்பகோணம், சேத்துப்பட்டு என்று இடம் மாற்றியும் குணமில்லை.

அந்த நிலையிலும் கணிதத்தை விடவில்லை. தாம் கண்ட 'மாக் தீட்டா' சார்புகளைப் பற்றி 1920 ஜனவரி 12 அன்று பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் காலமானார். பிராயச்சித்தம் ஆகவில்லை என்று வைதிக உறவினர் பலர் ஈமச் சடங்குக்கு வரவில்லை. உலகம் ஏற்றுக்கொண்டவரைச் சொந்த மனிதர்கள் ஒதுக்கினார்கள்.

இங்கே பெங்களூரு மர்பி டவுனிலும் வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பிராயச்சித்தம் இன்று யாரும் கேட்பதில்லை. ஏன் திரும்பினாய் என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, வந்தவர்களை முதலில் வாருங்கள் என்று அழைப்போம்.