பனிக்கட்டியைக் காப்பாற்றிய மரத்தூள்... ஏ.சி பில் குறைய `ஐஸ் கிங்' வாழ்க்கையில் ஒரு பாடம்!

சென்னை மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தை இன்னமும் `ஐஸ் ஹவுஸ்'னுதான் பலர் சொல்றோம். 1842-ல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட கிடங்கு அது. அந்த வியாபாரத்தின் முதலாளி, `ஐஸ் கிங்' என்றழைக்கப்பட்ட ஃப்ரெட்ரிக் டியூடர்.

1783-ல் பாஸ்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் டியூடர். குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளை வெட்டி, வெயில் நாடுகளில் விற்கலாம் என்று கிளம்பினார். ஊரே சிரித்தது. 1806-ல், 22 வயதில், சுமார் 130 டன் பனிக்கட்டியைக் கரீபியன் தீவான மார்டினிக்குக்குக் கொண்டுபோனார். சரக்கு போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா, வைக்கக் கிடங்கு இல்லை. பணம் கண் முன்னே தண்ணீராக ஓடியது. பிறகு, கடனுக்காகச் சிறைக்கும் போனார்.

சிக்கல் கடலில் இல்லை, கட்டடத்தில்தான்னு புரிந்துகொண்டவர், கியூபாவின் ஹவானாவில் கிடங்கு கட்டினார். வைக்கோல், மரச்சீவல், போர்வை என ஒவ்வொன்றையும் வைத்து எவ்வளவு உருகுதுன்னு அளந்து பார்த்தார். கடைசியில் கைகொடுத்தது, மர அறுவை ஆலைகள் கழித்துப்போட்ட மரத்தூள். தூளுக்கு நடுவே சிக்கிய காற்று அசையாது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இரட்டைச் சுவர், இடையே மரத்தூள். அவ்வளவுதான் விஷயம்!

1833-ல் 180 டன்னோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது `டஸ்கனி' கப்பல். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் மிச்சமிருந்தது. காபி வியாபாரத்தில் ஏற்பட்ட பெரும் கடனையும் ஐஸ் விற்றே அடைத்தார் டியூடர். 1864-ல் இறந்தபோது அவர் பெரும் பணக்காரர்.

இன்னிக்கு நாம் வாங்கும் தெர்மாகோல், கிளாஸ் வுல் எல்லாம் செய்வது மரத்தூள் செய்த அதே வேலைதான். மொட்டைமாடிக்குக் கீழே குடியிருந்தால், முதல் செலவைக் கூரைக்குச் செய்யுங்க. ஃபால்ஸ் சீலிங் போடும்போதே மேலே இன்சுலேஷன் ஷீட் வைக்கச் சொல்லுங்க. ஜன்னல், கதவு இடுக்குகளை அடைச்சிடுங்க. முக்கியமா, மாடியில் நீர்க்கசிவு இருந்தா முதல்ல அதைச் சரிபண்ணுங்க. கிளாஸ் வுல் நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துடும். போட்ட காசு வீண். குளிர்ச்சியை உண்டாக்குவதற்கு மாசாமாசம் பணம் கட்டுறோம். அதை வெளியே விடாமல் காக்க ஒருமுறை செலவு செய்தால் போதும்.