காவலூர் தொலைநோக்கிக்குப் பேர் தந்தவர்

ஜவ்வாது மலைக்கு டூர் போனா, பீமன் அருவியில குளிச்சிட்டு அப்படியே திரும்பிடாதீங்க. ஆலங்காயம் பக்கம் காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்னு இருக்கு. பேரு வேணு பாப்பு. அந்த மனுஷன் அது வழியா ஒருமுறைகூட வானத்தைப் பார்க்கலை.

1927ல் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் படிக்கும்போதே, 1949ல், ஒரு வால்மீனைக் கண்டுபிடிச்சார். விண்மீன் ஒளியில் தெரியும் கால்சியம் கோட்டின் அகலத்தை வச்சே அதன் உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம்னு வில்சனோடு சேர்ந்து காட்டினார். அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்துட்டார்.

1960ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர். இரவு வானம் பார்க்க இடம் தேடித்தான் காவலூரைப் பிடிச்சார். 1968ல் 38 செ.மீ. தொலைநோக்கியோட வேலை ஆரம்பம். 1972ல் வந்த 1 மீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியில் வாங்கினது. அடுத்ததை நாமே செய்யணும்னு பிடிவாதம். மெக்கானிக்கல் மக்களே, அந்தப் பெரிய கண்ணாடியைத் தேய்ச்சு மெருகேத்தினது பெங்களூர்லதான்!

1981ல் பத்மபூஷண் கிடைச்சது. வேலை முடியறதுக்குள்ள, 1982 ஆகஸ்டில், முனிச்சில் இதய அறுவைக்குப் பிறகு இறந்துட்டார். வயசு 55.

1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து தொலைநோக்கிக்கு அவர் பேரை வச்சார். பின்னாடி ராஜீவ் பேர்லயே கேல் ரத்னா விருது வந்தது. 2021ல் அது தியான் சந்த் பேருக்கு மாறிடுச்சு. காவலூர்ல அதே பேருதான். 2596ஆம் எண் சிறுகோளுக்கும் பாப்பு பேரு இருக்கு.