திக்குவாய் டாக்டர்

யுத்த முனையில் குண்டு வெடிக்கிறது. பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப் போகிறான். தப்பியவன் உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால், பேச்சு வரவில்லை! கை நடுங்குகிறது. தூக்கத்தில் அலறுகிறான்.

இவன் கோழையா? நோயாளியா?

முதல் உலக யுத்தத்தில் இங்கிலாந்துப் பட்டாளத்தைக் குடைந்த கேள்வி இது. கோழை என்றும், ஓடிப்போனவன் என்றும் குற்றம் சாட்டிச் சுடப்பட்ட சிப்பாய்கள் உண்டு. அப்படிச் செத்த 306 பேருக்கு 2006-ம் ஆண்டில்தான் மன்னிப்புக் கிடைத்தது!

நோயாளிதான் என்று அன்றே சொன்னவர்களில் ஒருவர், டாக்டர் ரிவர்ஸ்.

நீலகிரிக்கு வந்தவர்

அவர் பிறந்தது 1864-ம் ஆண்டு. தந்தை, திக்குவாய்க்காரர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர். மகனுக்கோ கடைசிவரை திக்குவாய்! 1901-02-ல் நம் நீலகிரியில் தங்கி, தோடர்களிடம் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, அவர்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார்.

1916-ல் ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். மனம் உடைந்த அதிகாரிகளுக்கு அங்கே சிகிச்சை.

கண்டதை மறந்துவிடு என்பதுதான் அன்று எல்லோரும் சொன்ன புத்திமதி. காக்கி உடுப்புக்காரர்களிடம் இன்றும் பலர் இதைத்தானே சொல்கிறார்கள்! ரிவர்ஸ் இதை மறுத்தார். பகலில் அமுக்கி வைத்தது இரவில் கனவாக வரும் என்றார். பேசச் சொல்லிக் கேட்டார்.

மாறிய கனவு

ஓர் அதிகாரி, நண்பனைத் தேடிப் போய், துண்டு துண்டான உடலைக் கண்டவர். இரவுதோறும் அதே கனவு. நண்பன் ஒரு நொடியில் இறந்திருக்கிறான், வேதனையே பட்டிருக்க மாட்டான் என்று ரிவர்ஸ் எடுத்துச் சொன்னார். அதிகாரியின் முகம் தெளிந்தது. அதன்பின் வந்த கனவில் அவர் அலறவில்லை. உடலின் பக்கத்தில் மண்டியிட்டு, உறவினருக்குக் கொடுக்க நண்பனின் பொருள்களை எடுத்தார். விழித்தபோது துக்கம் இருந்தது, பயம் இல்லை.

எல்லோருக்கும் இப்படி ஆறுதல் சொல்ல முடியவில்லை. குண்டு வீச்சில் அழுகிய பிணத்தின்மீது விழுந்த ஒருவருக்கு என்ன சொல்வது? அவர் பட்டாளத்தை விட்டு, கிராமத்துக்குப் போனார்.

மனச்சாட்சி உறுத்தியது

குணமானவர்களை என்ன செய்வது? மறுபடியும் யுத்த முனைக்கு அனுப்ப வேண்டும்! டாக்டரின் வேலையே அதுதான். கவிஞர் சசூன் யுத்தத்தை எதிர்த்து அறிக்கை விட்டதால், 1917-ல் அங்கு அனுப்பப்பட்டவர். அவரோடு பேசப்பேச, ரிவர்சுக்கே யுத்தத்தைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் சசூன் போர்முனைக்குத் திரும்பினார். 1918-ல் தலையில் குண்டடி பட்டது. உயிர் பிழைத்தார்.

ரிவர்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1922-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, திடீரென்று குடல் நோய் கண்டு இறந்தார்.

சசூன் பின்னால் தன் கதையை எழுதியபோது, தன் பெயரைக்கூட மாற்றி எழுதினார். டாக்டரின் பெயரை மட்டும் மாற்றவில்லை.